ரிசல்ட் பார்த்துச் சொன்ன அண்ணன்

1/ நான் முதன்முதலா இன்டர்நெட் பார்த்தது எங்க ஊர் பிரவுசிங் சென்டர்ல. செருப்பை வெளியவிட்டு, நோட்டுல பேரும் நேரமும் எழுதிட்டுத்தான் உள்ள போகணும். பிளைவுட் தடுப்பு, குண்டு மானிட்டர், மணிக்கு 20 ரூபா.

2/ யாஹூ மெயில் ஐடி ஓபன் பண்ணித் தந்ததே சென்டர் அண்ணன்தான். பாஸ்வேர்டையும் அவரே நோட்டுல எழுதி வெச்சிருந்தார்! மெயில் அனுப்ப ஆளே இல்லாம, பக்கத்து சீட்டு நண்பனுக்கே அனுப்பினேன்.

3/ ஆனா அந்த சென்டர்னாலே ஞாபகம் வர்றது 2007 பிளஸ் டூ ரிசல்ட் நாள். நுழைவுத் தேர்வு ரத்தான முதல் வருஷம். மெடிக்கல் சீட்டுக்கு பிளஸ் டூ மார்க்தான் எல்லாம். வாசல் வரைக்கும் கூட்டம். பேஜ் ஓபன் ஆகாம அண்ணன் ரெஃப்ரெஷ் அடிச்சிட்டே இருந்தார்.

4/ ரிஜிஸ்டர் நம்பர் சொன்னா மார்க்கைச் சத்தமா படிப்பார். எனக்கு முன்னாடி நின்ன பையனோட நம்பரை அடிச்சவர், படிக்கல. "தம்பி, உன் பேஜ் வரமாட்டேங்குது. உள்ள வந்து உக்காரு"ன்னார்.

5/ பேஜ் வந்திருந்தது. பின்னாடி நின்ன எனக்குத் தெரிஞ்சது. பிசிக்ஸ்ல ஃபெயில்.

6/ பிரின்ட் அவுட்டுக்காக நான் காத்திருந்தேன். அண்ணன் அந்தப் பையனோட அப்பாவுக்குப் போன் போட்டு வரச் சொன்னார். அவர் வந்து பக்கத்துல உக்காந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். உடனடித் தேர்வுக்கு என்ன செய்யணும்னும் சொன்னார். காசு வாங்கல.

7/ கெட்ட செய்தியை எப்படிச் சொல்லணும்னு டாக்டர்களுக்கு ஒரு முறை இருக்கு. தனியா ஓர் இடம், உக்கார வைக்கணும், வேண்டியவங்க கூட இருக்கணும், அடுத்து என்ன செய்யலாம்னு சொல்லணும். நான் இதைப் பாடமா படிச்சது பல வருஷம் கழிச்சு. அண்ணன் படிக்காமலே செஞ்சார்.

8/ இப்போ ரிசல்ட் நேரா செல்லுக்கே எஸ்எம்எஸ்ஸா வந்துடுது. பெரிய வசதிதான். ஆனா அந்த நிமிஷம் பிள்ளை ரூம்ல தனியா இருக்கு. ரிசல்ட் அன்னைக்கு கேஷுவாலிட்டி டூட்டின்னா எங்களுக்கு வயித்தைக் கலக்கும். ஏன்னு விளக்க வேண்டியதில்ல.

9/ அன்னைக்கு மார்க்குக்கும் பிள்ளைக்கும் நடுவுல ஒரு மனுஷன் இருந்தார். இப்போ அந்த இடம் காலி. அங்க உக்கார வேண்டியது பெத்தவங்களும் வாத்தியார்களும்தான்.

10/ அதனால ரிசல்ட் அன்னைக்கு முடிஞ்சா அரை நாள் லீவு போடுங்க. பிள்ளையோட உக்காந்து பாருங்க. மார்க் குறைஞ்சிருந்தா பக்கத்து வீட்டுப் பிள்ளையோட மார்க்கைக் கேக்காதீங்க. "வா, முதல்ல சாப்பிடலாம்"னு சொல்லுங்க. அன்னைக்கு ராத்திரி தனியா விடாதீங்க.

11/ மனசு ரொம்ப உடைஞ்சிருந்தா 104 இல்லன்னா 14416-க்குக் கூப்பிடுங்க. பிள்ளைங்களும் கூப்பிடலாம், நீங்களும் கூப்பிடலாம். காசு கிடையாது. இந்த ரெண்டு நம்பரையும் இப்பவே செல்லுல சேவ் பண்ணிடுங்க.