பாடம் விற்க முனைவோர்க்கு

தமிழ்வழி மலையாளம் கற்பிக்கும் காணொலிப் பாடங்களை இணையத்தில் விற்க விழையும் நம் அன்பர்களை வாழ்த்துகின்றோம். சித்தூரிலும், தேவிகுளம், பீருமேட்டுத் தோட்டங்களிலும் அலுவலகத் தாளை வாசிக்கப் பிறர் துணையை நாடுவோர் இன்றும் உளர்.

ஆயினும், 2020 ஜூன் 1 அன்று கேரள அரசின் விக்டர்ஸ் தொலைக்காட்சி தொடங்கிய ‘பர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் யூடியூபிலும் இலவசமாகவே வந்தன. தமிழ்வழி மாணவர்க்கும் பாடங்கள் கிடைத்தன. அவ்வாறிருக்க, வெறும் படத்துக்கு யார் பணம் தருவர்? எழுதியதைத் திருத்தி ஐயம் தீர்க்கும் உழைப்புக்கே விலை வையுங்கள். முதலில் பத்துப் பேருக்கு நேரில் கற்பித்து, அவர்கள் இடறும் இடமறிந்து படம் பிடியுங்கள். பாடம் ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டா. மலைமேல் ‘சிக்னல்’ படும் பாடு நாம் அறியாததா? ரேஷன் அட்டை விண்ணப்பத்தை நிரப்புவதே முதற்பாடமாகட்டும்.