ஃபார்மேட் போடாதீங்க பாஸ்!

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். டீக்கடையில சூடா பஜ்ஜிக்குக் காத்துட்டிருக்கேன், போன் அடிக்குது. உசிலம்பட்டியிலிருந்து என் சித்தி பொண்ணு. எடுத்த எடுப்பிலேயே அழுகை.

“அண்ணே, எம்.எஸ்சி. அட்மிஷனுக்கு நாளைக்குத்தான் கடைசி நாள். ஓ.டி.பி. மெயிலுக்குத்தான் வருது. மெயில் திறக்கவே மாட்டேங்குது!”

கதை இதுதான். பஸ்ல போன் தொலைஞ்சிருக்கு. புதுசு வாங்கியாச்சு. ஆனா பாஸ்வேர்ட் ஞாபகம் இல்லை. பழைய போன்ல எப்பவும் லாகின் ஆகியே இருந்ததால, அதை டைப் பண்ணி வருஷக்கணக்காச்சாம். ‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?’னு கேட்குற இடத்தைத் தட்டினா, கோட் ஒரு நம்பருக்குப் போகுது. அது எங்க சித்தப்பாவோட நம்பர். ஸ்கூல் படிக்கிறப்ப அக்கவுன்ட் ஆரம்பிச்சதால அப்பா நம்பரைக் கொடுத்திருக்கா. அவர் தவறி மூணு வருஷம் ஆச்சு. அந்த நம்பரை யாரும் ரீசார்ஜ் பண்ணலை.

மிச்சம் இருந்தது, பரண்ல கிடந்த ஒரு பழைய லேப்டாப். அவ அண்ணன் பிளஸ் டூ படிச்சப்ப அரசாங்கத்தோட விலையில்லா லேப்டாப் திட்டத்துல வந்தது. போன வருஷம் வரைக்கும் இவ அதுலதான் மெயில் பார்த்து, அசைன்மென்ட் அடிச்சிருக்கா. தூசி தட்டி ஆன் பண்ணினா, மெயில் பக்கமே வரலை. சிவப்பு முக்கோணம், இங்கிலீஷ்ல ஏதோ எச்சரிக்கை. பக்கத்துக் கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துட்டுத் தீர்ப்பு சொல்லிட்டாராம்: “விண்டோஸ் போயிடுச்சும்மா. ஃபார்மேட் போட்டா சரியாயிடும். ஐந்நூறு ரூபா.”

“போட்டுடவாண்ணே?”

“தொட்டே கையை ஒடிப்பேன்!”னு சொல்லிட்டு, பஜ்ஜியைப் பார்சல் கட்டி பஸ் ஏறிட்டேன்.

ஏன் இந்தப் பதற்றம்?

நம்ம ஊர்ல கம்ப்யூட்டருக்குத் தலைவலி வந்தாலும், கால் வலி வந்தாலும் ஒரே வைத்தியம், ஃபார்மேட்! ஆனா மெயில் லாகின் விஷயத்துல அந்த வைத்தியம் ஆளையே காலி பண்ணிடும்.

யோசிச்சுப் பாருங்க. பாஸ்வேர்ட் மறந்துபோய், ‘இது நான்தான், என் அக்கவுன்ட்தான்’னு சொன்னா, அந்தப் பக்கம் இருக்கிறது ஒரு மெஷின். அதுக்கு உங்க முகம் தெரியாது. நீங்க வழக்கமா உள்ளே நுழையிற கம்ப்யூட்டரா, வழக்கமான பிரவுசரா, வழக்கமான ஊரா, இதையெல்லாம் வெச்சுத்தான் அது உங்களை எடை போடுது. அக்கவுன்ட்டை மீட்கணும்னா, முன்னாடி அடிக்கடி பயன்படுத்தின கம்ப்யூட்டரிலிருந்து, அடிக்கடி இருக்கிற இடத்திலிருந்தே முயற்சி பண்ணுங்கன்னு கூகுளே சொல்லுது. அதாவது, பரண்ல கிடந்த அந்த டப்பா லேப்டாப்தான் உங்களுக்கு ஒரே சாட்சி. ஃபார்மேட் போடுறதுங்கிறது சாட்சியை நீங்களே கொல்ற மாதிரி!

போதாக்குறைக்கு, நீங்க மறந்த பாஸ்வேர்டு அந்த பிரவுசருக்குள்ளேயே பத்திரமா இருக்கலாம். அதையும் சேர்த்துத்தான் ஃபார்மேட் துடைக்கும். ‘கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்றேன்’னு குக்கீஸ், ஹிஸ்டரி எல்லாத்தையும் மொத்தமா அழிக்கிற சாஃப்ட்வேருக்கும் இதே எச்சரிக்கைதான்.

சரி, உசிலம்பட்டி போய்ச் சேர்ந்தேன். மணி எட்டரை. ஒவ்வொரு கதவா தட்டிப் பார்ப்போம், வாங்க.

முதல் கதவு: கடிகாரம்

லேப்டாப்பைத் திறந்ததும் நான் பார்த்தது மெயிலை இல்லை. வலது பக்கம் கீழே மூலையில இருக்கிற தேதியை. 2010, ஜனவரி 1! அவ்வளவுதான், பாதி வியாதி தெரிஞ்சு போச்சு.

ஒவ்வொரு பாதுகாப்பான வெப்சைட்டும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வெச்சிருக்கும். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரைக்கும்தான் செல்லும்னு அதுல இருக்கும். உங்க கம்ப்யூட்டர் 2010-ல உட்கார்ந்துக்கிட்டு இன்னிக்குக் கொடுத்த சான்றிதழைப் பார்த்தா, ‘இது இன்னும் பிறக்கவே இல்லையே, போலி!’னு கதவைச் சாத்திடும். தப்பு மெயில் மேலயும் இல்லை, விண்டோஸ் மேலயும் இல்லை.

காரணம், மதர்போர்டுல இருக்கிற சின்ன பேட்டரி. பவர் இல்லாதப்பவும் கடிகாரத்தை ஓட வைக்கிறது அதுதான். அது செத்துட்டா தேதி பின்னாடி ஓடிடும். டெஸ்க்டாப்னா பெரும்பாலும் சி.ஆர். 2032 என்கிற காசு மாதிரி பேட்டரி. வாட்ச் கடையிலேயே கிடைக்கும், நீங்களே மாத்தலாம். லேப்டாப்னா கழட்டத் தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க. அவசரத்துக்குத் தேதி, வருஷம், நேரத்தைக் கையாலேயே சரி பண்ணிக்கலாம். டைம் ஜோனையும் பாருங்க. இந்திய நேரம், அதாவது பிளஸ் 5:30 இருக்கணும்.

தேதியை மாத்தி பிரவுசரை மூடித் திறந்தேன். மெயில் பக்கம் வந்து நின்னுச்சு. ஐந்நூறு ரூபா மிச்சம்!

இரண்டாம் கதவு: பிரவுசர்

தேதி சரியா இருந்தும் பக்கம் அரைகுறையா வருதா? ‘இந்த பிரவுசர் பாதுகாப்பானது அல்ல’னு விரட்டுதா? பிரவுசருக்கு வயசாயிடுச்சுன்னு அர்த்தம்.

கொஞ்சம் சரித்திரம். எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல்லயே டாட்டா காட்டிடுச்சு. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ல. விண்டோஸ் 7-ல ஓடுற கடைசி குரோம், 2023 ஜனவரியில வந்த 109-ம் பதிப்பு. ஃபயர்ஃபாக்ஸ்ல கடைசி, 115 இ.எஸ்.ஆர். குரோம் கைவிட்ட பிறகும் ரொம்ப நாள் அதுக்குப் பாதுகாப்பு அப்டேட் வந்துச்சு. 2020 வாக்குல பெரிய பிரவுசர்கள் எல்லாம் டி.எல்.எஸ். 1.0, 1.1-ங்கிற பழைய பூட்டு முறைகளை ஓரங்கட்டிடுச்சு. சைட்டுகளும் புதுப் பூட்டுக்கு மாறிடுச்சு. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை வெச்சு முட்டினா மண்டைதான் உடையும்.

அதனால விண்டோஸ் 7-காரங்க ஃபயர்ஃபாக்ஸ் 115-ஐ அதோட சொந்த சைட்டிலிருந்து இறக்கிப் போட்டுப் பாருங்க. ஆனா பழைய பிரவுசரை அன்இன்ஸ்டால் பண்ணாதீங்க. சாட்சி ஞாபகம் இருக்கில்ல?

வழக்கமான விண்டோவுல வராம, இன்காக்னிட்டோ விண்டோவுல மட்டும் வருதா? அப்ப வில்லன் ஒரு எக்ஸ்டென்ஷனோ, கெட்டுப்போன குக்கீயோதான். அந்த ஒரு சைட்டோட குக்கீயை மட்டும் அழிங்க. ஊரையே கொளுத்த வேண்டாம்.

மூன்றாம் கதவு: பாஸ்வேர்ட்

தங்கச்சி ஞாபகம் இருந்த நாலஞ்சு பாஸ்வேர்டை மாத்தி மாத்திப் போட ஆரம்பிச்சா. கையைப் பிடிச்சு நிறுத்தினேன். வரிசையா தப்புத் தப்பாப் போட்டா, ‘யாரோ திருடன்’னு நினைச்சு கொஞ்ச நேரத்துக்குப் பூட்டிடுவாங்க. மூணு தடவைக்கு மேல வேண்டாம்.

முதல்ல நோட்பேடைத் திறந்து, அதுல பாஸ்வேர்டை டைப் பண்ணிக் கண்ணால பாருங்க. சின்ன லேப்டாப்ல நம் லாக் ஆன் ஆகியிருந்தா ஜே, கே, எல் அடிச்சா 1, 2, 3 விழும். புள்ளி புள்ளியா வர்ற பாஸ்வேர்ட் கட்டத்துல இது தெரியவே தெரியாது. கேப்ஸ் லாக் இன்னொரு ஆள். நம்ம ஆட்களுக்குன்னே ஸ்பெஷலா ஒண்ணு உண்டு, தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் ஆன்ல இருக்கிறது! பார்த்து முடிச்சதும் நோட்பேடை சேவ் பண்ணாம மூடிடுங்க.

அடுத்து, பிரவுசர் ஞாபகம் வெச்சிருக்கான்னு பாருங்க. குரோம்ல செட்டிங்ஸ் போய், ஆட்டோஃபில், அதுக்குள்ள பாஸ்வேர்ட் மேனேஜர். மெயில் சைட் பெயருக்குப் பக்கத்துல ஒரு கண் படம் இருக்கும். தட்டினா விண்டோஸ் பாஸ்வேர்ட் கேட்கும், போட்டா தெரிஞ்சிடும்.

தட்டினோம். இருந்துச்சு! ஸ்கூல் தோழி பெயரும் அவங்க வீட்டு நாய்க்குட்டி பெயரும் சேர்ந்த பாஸ்வேர்ட். “அய்யோ, இதுவா!”னு தலையில அடிச்சுக்கிட்டா. அதே லேப்டாப், அதே பிரவுசர், அதே வீடு. கோட் எதுவும் கேட்காம இன்பாக்ஸ் திறந்துச்சு. மணி ஒன்பது பத்து.

அட்மிஷன் ஃபார்மை முடிச்சப்புறமும் அவ லேப்டாப்பை மூடலை. பழைய மெயில்ல என்னமோ தேடினா. சித்தப்பா ஒரு தடவை பிரவுசிங் சென்டர்லேர்ந்து அனுப்பின மெயில். அவளோட டென்த் மார்க் ஷீட் ஸ்கேன். சப்ஜெக்ட் லைன்ல ‘பாப்பா மார்க்’னு மட்டும் தமிழ்ல. நான் எழுந்து போய் பஜ்ஜியைச் சூடு பண்ணினேன்.

அப்படியும் திறக்கலைன்னா?

மீட்பு ஃபாரத்தைப் பதறாம நிரப்புங்க. ‘கடைசியா ஞாபகம் இருக்கிற பாஸ்வேர்ட்’னு கேட்டா, பழசா இருந்தாலும் போடுங்க, விட்டுட்டுப் போறதைவிட நல்லது. ஒரு தடவை மறுத்தா, வேற சிஸ்டத்துக்கு ஓடாம, விவரங்களைத் தேடிப் பிடிச்சு அதே சிஸ்டத்திலிருந்து மறுபடி முயற்சி பண்ணுங்க.

ஒண்ணு மட்டும் பண்ணவே பண்ணாதீங்க. ‘கஸ்டமர் கேர்’னு தேடிக் கிடைக்கிற நம்பருக்கு போன் போடுறது! ‘ரிமோட்ல சரி பண்றேன், இந்த ஆப்பைப் போடுங்க’னு சொல்றவன் உங்க மெயிலை மீட்க வரலை, பேங்க் பேலன்ஸை மீட்க வர்றான். பணம் போயிட்டா உடனே 1930-க்குப் போன் பண்ணுங்க. அதுதான் நம்ம நாட்டு சைபர் மோசடி உதவி எண்.

டிபார்ட்மென்ட் ரூம்ல பழைய அவுட்லுக் சாஃப்ட்வேர்ல மெயில் பார்க்கிற சார் இருக்காரா? ‘பாஸ்வேர்ட் சரிதான், ஆனா ஏத்துக்க மாட்டேங்குது’னு புலம்புவாரே! வெறும் பாஸ்வேர்டை வெச்சு இப்படி உள்ளே வர்றதை 2022 மே 30-லிருந்து கூகுள் நிறுத்திடுச்சு. அவரோடது சொந்த ஜிமெயில்னா, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷனை ஆன் பண்ணி, ‘ஆப் பாஸ்வேர்ட்’னு கிடைக்கிற 16 எழுத்தை வாங்கி அதைப் போடச் சொல்லுங்க. இன்டர்னல் மார்க் போடுறப்ப உங்களை நினைச்சுப்பார்.

உள்ளே போனதும் முதல் வேலை

திறந்துடுச்சேன்னு விசிலடிச்சிட்டுப் போயிடாதீங்க. அந்தப் பழைய லேப்டாப் நல்ல சாட்சிதான், ஆனா நல்ல காவல்காரன் இல்லை. பாதுகாப்பு அப்டேட் நின்னு போன சிஸ்டத்துல பாஸ்வேர்டைத் திருடுற சாஃப்ட்வேர் இருந்தா உங்களுக்குத் தெரியாது. அதனால மெயிலை உடனே புதுப் போன்ல லாகின் பண்ணி, மிச்ச வேலையை அதுல பாருங்க.

முதல் வேலை, மீட்பு நம்பரை உங்க சொந்த நம்பருக்கு மாத்துறது. ரீசார்ஜ் பண்ணாம துண்டிச்ச நம்பர், 90 நாள் கழிச்சு வேற ஒருத்தருக்குப் போகலாம்னு டிராய் 2023 நவம்பர்ல உச்ச நீதிமன்றத்துலயே சொல்லியிருக்கு. உங்க மெயிலுக்கான கோட் முன்பின் தெரியாதவங்க போனுக்குப் போகலாம்! மாத்தினதும் நிம்மதியாத் தூங்கிடாதீங்க, பழைய நம்பருக்கு இன்னும் 7 நாள் வரைக்கும் கோட் அனுப்ப கூகுள் வாய்ப்புக் கொடுக்கலாம். அதனால நம்பர் கைவசம் இருக்கும்போதே மாத்துறதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டாவது, புதுப் பாஸ்வேர்ட். நாய்க்குட்டி பெயர் வேண்டாம் ப்ளீஸ். மூணாவது, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். அதை ஆன் பண்ணினா, 8 இலக்கத்துல 10 பேக்கப் கோட் எடுத்துக்கலாம். ஒவ்வொண்ணும் ஒரே ஒரு தடவைதான் வேலை செய்யும். போன் தொலைஞ்சாலும் இது கைகொடுக்கும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே போன்லயே வைக்காதீங்க! பேப்பர்ல எழுதி மார்க் ஷீட் ஃபைலுக்குள்ள வைங்க. இன்னிக்கு உங்க மெயிலும் ஒரு சர்ட்டிஃபிகேட் மாதிரிதான்.

எல்லாம் முடிஞ்ச பிறகு, அந்த லேப்டாப்பை என்ன பண்றது? முக்கியமான ஃபைல்களை பென் டிரைவ்ல எடுத்துட்டு, லினக்ஸ் மின்ட் மாதிரி ஏதாவது போட்டு அதுக்கு மறுபிறவி கொடுக்கலாம். இப்பப் போடுங்க ஃபார்மேட், நான் தடுக்க மாட்டேன்!

தங்கச்சி என்ன பண்ணினா தெரியுமா? சித்தப்பாவோட அந்த மெயிலை ஒரு பிரின்ட் எடுத்து மார்க் ஷீட் ஃபைல்ல வெச்சிருக்கா. பேக்கப் கோட் எழுதின பேப்பர் அதுக்குப் பின்னாடி. லேப்டாப்பை மட்டும் ஃபார்மேட் போட மனசு வரலையாம். பேட்டரி மாத்தி, துணி சுத்தி, மறுபடி பரண்ல வெச்சுட்டா.

இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க மெயில் அக்கவுன்ட்ல மீட்பு நம்பர்னு எது இருக்குன்னு ஒரு தடவை பாருங்க. அந்த நம்பருக்குப் போன் போட்டா யார் எடுப்பாங்க?

அடுத்த வாரம் சந்திப்போம். வர்ட்டா!