உளவியல் படித்தால் வேலை கிடைக்குமா?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

அரசுத் தேர்வு நெருங்க நெருங்க, எங்களைக் காண்போர் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "அடுத்து என்ன படிக்கப் போகிறாய்?" மருத்துவம் என்றால் கேட்டவரின் முகம் மலர்கிறது. பொறியியல் என்றால் தலை அசைகிறது. உளவியல் என்று கூறிவிட்டாலோ, "அதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?" என்ற வினா உடனே பிறக்கிறது. "அதுவும் பெயர் தெரியாத பல்கலைக்கழகத்தில் படித்தால் யார் மதிப்பார்கள்?" என்ற இரண்டாம் வினாவும் தொடர்ந்து வருகிறது. எங்கள் வகுப்பில் இப்பாடத்தின்மேல் ஆர்வம் கொண்டவர்கள் உண்டு. ஆனால் பெங்களூருக்கோ தில்லிக்கோ அனுப்பிப் படிக்க வைக்க எல்லாக் குடும்பங்களாலும் இயலாது. வீட்டிலிருந்து பேருந்தில் சென்று வரக்கூடிய கல்லூரியே எங்களிற் பலருக்கு வாய்க்கும். ஆகவே இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயன்றோம். பல்கலைக்கழகத்தின் பெயர் எங்கள் வழியை அடைப்பதில்லை. வழி அறியாமையே அடைக்கிறது என்பதே எங்கள் கருத்து.

உளவியல் நம் நாட்டிற்குப் புதிய பாடமன்று. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916 ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனித்துறை தொடங்கப்பட்டது. ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் உளவியலாளர் யார், மனநல மருத்துவர் யார் என்ற வேறுபாடு நம்மிற் பலருக்குத் தெரிவதில்லை. மனநல மருத்துவர் முதலில் எம்.பி.பி.எஸ். படித்து, பின்னர் மனநோய் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து எழுதும் உரிமை உடையவர். உளவியலாளரோ பேசியும், கேட்டும், சோதனைகள் நடத்தியும், பயிற்சி அளித்தும் உதவுபவர்.

இத்தகையோர் நாட்டிற்குத் தேவையா? தேவை என்பதில் ஐயமில்லை. 2015-16 இல் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டில் வயது வந்தோருள் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டோடு வாழ்ந்து வந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்குச் சிகிச்சையே கிட்டவில்லை. 2001 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட வழியின்றி மாண்டனர். நாங்கள் பிறப்பதற்கு முன் நடந்த நிகழ்ச்சி அது. எனினும் படிக்கும்போதே நெஞ்சம் நடுங்குகிறது. 2017 ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருடைய உரிமையாக்கியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரேனும் இருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் வகுத்தது. தேவை பெருகுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்றும் வேண்டுமோ?

அப்படியானால் உளவியல் பட்டம் பெற்ற அக்காமார் சிலர் வேலையின்றி இருப்பது ஏன்? இங்கேதான் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்றாண்டு இளங்கலைப் பட்டம் ஒருவரை உளவியலாளர் ஆக்கிவிடாது. அது முதற்படி மட்டுமே. ஆலோசகராக விரும்புவோர் முதுகலையும் நேரடிப் பயிற்சியும் பெறுவது அவசியம். மருத்துவமனையில் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய முதுகலைக்குப் பின் இரண்டாண்டு முழுநேரப் பயிற்சிப் படிப்பையும், 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவையும் நம் சட்டங்கள் வேண்டின. 2021 இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் பிற உளவியலாளரையும் தன் வரம்பிற்குள் கொண்டு வந்தது. இதன் விளைவாக, 2025 ஜூலை - ஆகஸ்டில் தொடங்கும் பருவம் முதல் உளவியலை அஞ்சல் வழியாகவோ இணைய வழியாகவோ நடத்தலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்தது. விதிகள் இன்னும் மாறி வருவதால், சேரும் ஆண்டில் உள்ள விதியைக் கேட்டறிவதே நலம். மூன்றாண்டு என்று எண்ணிச் சேர்ந்து, பாதி வழியில் பணமும் பொறுமையும் தீர்ந்து நிற்பவர்களே ஏமாற்றம் அடைகின்றனர்.

மேற்படிப்பிற்கு வசதி இல்லாதவர்கள் என் செய்வது? அவர்களுக்கும் வழி உண்டு. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வுகள் பலவற்றிற்கும், வங்கித் தேர்வுகளுக்கும், இந்திய ஆட்சிப் பணித் தேர்விற்கும் ஏதேனும் ஒரு பட்டமே போதும். ஆட்சிப் பணியின் முதன்மைத் தேர்வில் உளவியலையே விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். சிறப்புக் கல்வியில் பி.எட். பயின்று, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கு ஆசிரியையாகலாம். சமூகப் பணியில் முதுகலை பயிலலாம். நிறுவனங்களின் பணியாளர் பிரிவிலும் இடமுண்டு. தொடக்கத்தில் ஊதியம் குறைவாகவே இருக்கும் என்பதையும், ஆலோசகர் பணிகள் பல ஒப்பந்த முறையில் அமைவன என்பதையும் தோழியர் மனத்திற் கொள்ள வேண்டும்.

இனி இரண்டாம் வினாவிற்கு வருவோம். மத்திய அரசு 2016 முதல் கல்வி நிறுவனங்களைத் தரவரிசைப்படுத்தி வெளியிட்டு வருகிறது. ஆசிரியர் எண்ணிக்கை, ஆய்வுக் கட்டுரைகள், தேர்ச்சி, பிறர் கொண்டுள்ள மதிப்பு முதலியவை அதில் அளக்கப்படுகின்றன. ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்து உளவியல் துறையில் ஒரு மாணவி எத்தனை மணி நேரம் பயிற்சி பெற்றாள் என்பதை அந்த வரிசை எண் சொல்லாது. பெரிய நிறுவனங்கள் வேலைக்கு ஆள் எடுக்கப் புகழ்பெற்ற கல்லூரிகளை முதலில் நாடுவது மெய்யே. அக்குறையை நாங்கள் மறுக்கவில்லை. ஆயினும் போட்டித் தேர்வு எழுதும் கூடத்தில் விடைத்தாள்தான் பேசும். கல்லூரியின் பெயர் பேசாது. மைய நுழைவுத் தேர்வு எழுதி, சிறிய கல்லூரியில் இளங்கலை முடித்தவர் பெரிய பல்கலைக்கழகத்தில் முதுகலை சேரவும் இயலும்.

மற்றொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டுகிறோம். வரிசையில் பின்தங்கிய பல்கலைக்கழகம் வேறு. அங்கீகாரமே இல்லாத பல்கலைக்கழகம் வேறு. முன்னதில் பெற்ற பட்டம் செல்லும். பின்னதில் பெற்றது செல்லாக் காசு. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழுவே வெளியிடுகிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பர் பெரியோர். கல்விக் கட்டணத்தையும் அவ்வாறே விசாரித்துக் கட்ட வேண்டாமா?

ஆகவே கல்லூரியில் சேருமுன் நான்கு கேள்விகளைக் கேட்குமாறு தோழியரைக் கேட்டுக்கொள்கிறோம். முதலாவது, இப்பட்டத்திற்கு மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா? இரண்டாவது, மருத்துவமனை, சிறப்புப் பள்ளி போன்ற இடங்களில் நேரடிப் பயிற்சி உண்டா? மூன்றாவது, உளவியல் சோதனைகள் செய்து பழக ஆய்வுக்கூடமும், முழுநேர ஆசிரியரும் உள்ளனரா? நான்காவது, சென்ற ஆண்டுகளில் படித்து முடித்தவர்கள் இப்போது என்ன செய்கின்றனர்? விளம்பரத் தாளில் உள்ள வண்ணப் படங்களைப் பார்த்து முடிவு செய்யாமல், அங்கே படிக்கும் அக்காமாரிடம் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

கல்லூரிகளுக்கும் ஒரு கடமை உண்டு. "இப்பட்டத்தால் இன்ன வேலைக்குப் போகலாம், இன்ன வேலைக்கு மேலும் படிக்க வேண்டும்" என்பதைச் சேர்க்கை நாளன்றே எழுத்தில் தர வேண்டும். பதினேழு வயதுப் பெண்ணிடமும், கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் தந்தையிடமும் பாதி உண்மையைச் சொல்வது நேர்மையாகாது.

பெற்றோரே! உங்கள் அச்சம் எங்களுக்குப் புரிகிறது. எங்கள் வாழ்வு நிலைபெற வேண்டும் என்பதாலேயே நீங்கள் கேட்கிறீர்கள். ஆனால் "வேண்டாம்" என்று ஒரே சொல்லில் முடிக்காமல், எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு, இடையில் நின்றால் மாற்று வழி எது என்று எங்களுடன் அமர்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். கணக்கு ஒத்து வந்தால் அனுப்புங்கள். ஒத்து வராவிடில் காரணத்தைச் சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறோம்.

தோழியரே! அடுத்த ஆண்டு பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்துவிடும். எந்தப் பாடமாயினும் அதன் வழியை இறுதிவரை விசாரித்து, பின் அடியெடுத்து வைப்போம். உளவியலைத் தேர்ந்தெடுப்போர், ஏர்வாடியில் சங்கிலியோடு மாண்டவர்களை மறவாதிருப்போம். அத்தகையோர்க்குத் துணை நிற்கத் தகுதி பெற்ற கைகள் நம் நாட்டிற்கு இன்னும் ஏராளமாகத் தேவைப்படுகின்றன. அக்கைகள் எந்தக் கல்லூரியில் பயின்றவை என்று துன்பத்தில் இருப்பவர் கேட்பதில்லை. நன்கு பயின்றவையா என்பதே அவர்க்கு முக்கியம்.