பலசரக்குக் கடையும் ஜவுளிக் கடையும்

இலக்கிய அன்பர்கள் கூடும் இடங்களில் ‘செம்மலர்’ என்ற பெயர் எழுந்தால் இரண்டு விதமான பேச்சுகளைக் கேட்கிறோம். ‘கட்சிப் பத்திரிகை, எழுதுபவர் யாராயினும் எழுத்து ஒன்றுதான்’ என்பது ஒன்று. ‘எளிய உழைப்பாளிகளும் எழுதினார்களே, பாராட்டத்தான் வேண்டும்’ என்பது மற்றொன்று. முன்னது வசை, பின்னது வாழ்த்து என்று தோன்றும். நமக்கு இரண்டும் ஒன்றாகவே படுகின்றன. ஒரு கதையையும் படிக்காமல் இரண்டையும் சொல்லிவிட முடியும்.

1970இல் கே. முத்தையா தொடங்கி, மதுரையிலிருந்து வெளிவந்த இதழ் அது. மார்க்சிஸ்ட் கட்சிச் சார்பை அது ஒருநாளும் ஒளித்ததில்லை. 1975இல் மதுரையில் பிறந்த முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் அதுவும் சேர்ந்து வளர்ந்தன. அவற்றைச் சுற்றித் திரண்டவர்களைப் பாருங்கள். டி. செல்வராஜ் திண்டுக்கல்லில் வழக்கறிஞர். கந்தர்வன் அரசின் கருவூலக் கணக்குத் துறை ஊழியர். ச. தமிழ்ச்செல்வன் அஞ்சல் துறையில் இருந்தவர். மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மேலாண்மறைநாட்டில் பலசரக்குக் கடை நடத்தியவர். இவர்கள் எல்லோருக்கும் ஒரே எழுத்துதான் வாய்த்ததென்றால், அப்படிச் சொல்பவர் படித்தது எதை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

மேலாண்மைக்கு 2007ஆம் ஆண்டின் சாகித்ய அகாதெமி விருது ‘மின்சாரப் பூ’ தொகுப்புக்காகக் கிடைத்தது. அவரைப் பற்றிய குறிப்புகளில் கதைகளைவிட ஐந்தாம் வகுப்பும் கடையும்தாம் முந்திக்கொண்டு நிற்கின்றன. சுந்தர ராமசாமியும் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்தாம்; நாகர்கோவிலில் ஜவுளிக் கடை நடத்தியவர்தாம். அவரை ‘ஜவுளிக்கடை எழுத்தாளர்’ என்று எவரேனும் அழைத்ததுண்டா? ந. பிச்சமூர்த்தி அறநிலையத் துறை அதிகாரியாக இருந்தார். அவரை யாரும் ‘கோயில் அதிகாரிக் கவிஞர்’ என்பதில்லை. சிலருக்குத் தொழில் ஒரு வாழ்க்கைத் தகவல். சிலருக்கோ அதுவே அடையாள அட்டை. இந்தப் பாகுபாட்டைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

பின்னணி முக்கியமில்லை என்று நாம் சொல்லவரவில்லை. கந்தர்வனின் ‘தண்ணீர்’ கதையில் கிராமத்துப் பெண்கள் ரயில் நிற்கும் சில நிமிடங்களுக்குள் பெட்டிக்குள் ஏறிக் குழாயில் குடிநீர் பிடிக்கிறார்கள். ஒரு குடத்துக்காக ஓடும் அந்த ஓட்டத்தை இராமநாதபுரத்து வறட்சியில் பிறந்தவர் எழுதியிருக்கிறார். அலுவலகத்தில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார் என்பது அங்கே பொருட்டே இல்லை. செல்வராஜின் ‘தோல்’ நாவலில் திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்கள் வருகிறார்கள். அந்த ஊரில் தொழிலாளர்களுக்காக வாதாடிய வழக்கறிஞருக்கு அந்த உலகம் தெரியும். பின்னணி இப்படி அறிவாகக் கதைக்குள் இறங்குகிறது. அங்கே அதைத் தேடாமல், பின்னட்டையில் மட்டும் தேடுகிறோம்.

நம் தரப்பாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘உழைக்கும் மனிதன் எழுதியது, குறை சொல்லாதே’ என்று மேடையில் முழங்குவது அந்த எழுத்தாளனுக்கே இழைக்கும் அவமதிப்பு. மேலாண்மையின் கதைகள் சிலவற்றில் முடிவு முன்கூட்டியே நன்மையின் பக்கம் சாய்ந்துவிடுகிறது என்று நாம் கருதுகிறோம். அதை அவரிடமே சொல்லியிருக்க வேண்டும், பிற எழுத்தாளரிடம் சொல்வதுபோல. 2017இல் அவர் மறைந்தார். அஞ்சலிகளிலும் ஐந்தாம் வகுப்புத்தான் முன்வரிசையில் நின்றது.

மேலே நாம் அடுக்கிய பெயர்களில் ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை என்பதை வாசகர் கவனித்திருப்பார். அது நம் மறதி மட்டுமன்று. வழக்கறிஞரும் கடைக்காரரும் குமாஸ்தாவும் எழுத வந்த அந்த வட்டாரத்தில், சிவகாசி, சாத்தூர்த் தீப்பெட்டி ஆலைகளில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்தார்கள். அவர்களுடைய பாட்டைக் கதையாக்கி நமக்குத் தந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.