குவியலுக்குள் நுழைந்த கை

மதீனத்துக் கடைவீதியில் ஒருநாள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியல் ஒன்றன் அருகே நின்றார்கள். தம் கையைக் குவியலுக்குள் நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இஃது என்ன என்று வணிகரை வினவினார்கள். மழை நனைத்துவிட்டது என்றார் அவர். அங்ஙனமாயின் மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்ட அண்ணலார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்னும் கருத்துப்பட மொழிந்தார்கள்.

பயான் மேடைகளில் நாம் பன்முறை கேட்ட செய்தி இது. வணிகரின் நேர்மையைப் பற்றியே நாம் இதனை எடுத்துரைப்பது வழக்கம். நான் இங்கே எண்ணிப் பார்க்க விழைவது அந்தக் கையை. அன்றைய சந்தையில் வாங்குபவருக்கு ஒரு கை இருந்தது. அரிசியை அள்ளிப் பார்க்கலாம். துணியைக் கசக்கிப் பார்க்கலாம். அத்தரைப் புறங்கையில் தடவி முகரலாம். இன்று கைபேசித் திரையில் விரியும் கடையில் அந்தக் கை இல்லை. குவியலின் மேற்புறம் மட்டுமே, அதுவும் நல்ல வெளிச்சத்தில் எடுத்த படமாக, நம் கண்முன் வருகிறது. சிறுவணிகர்கள் தம் பொருளை இணையத்தில் எவ்வாறு அறிமுகம் செய்ய வேண்டும் என்று அறிவுரை கூறுவோர் இன்று ஏராளம். படத்தின் ஒளி, தலைப்பின் கவர்ச்சி, பதிவிடும் நேரம் என அவர்கள் சொல்வன பயனற்றவை அல்ல. எனினும், இல்லாமற்போன அந்தக் கையின் இடத்தில் எதை வைப்பது என்ற கேள்வியை அவர்களுள் பலர் எழுப்புவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டினை எடுத்துக்கொள்வோம். நெல்லை மாவட்டம் சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடையின் பாய் நாடறிந்தது. கோரையை அறுத்து, கிழித்து, உலர்த்தி, தாமிரபரணியின் ஓடுநீரில் ஊறவைத்து, மேலும் நுண்ணிதாகக் கிழித்துச் சாயமேற்றிப் பருத்தி நூற்பாவில் ஊடாக நெய்கின்றனர். நெய்பவர்கள் பெரும்பாலும் நம் சமுதாயத்துப் பெண்கள். வீட்டுத் தரையில் அமர்ந்தே நெய்கின்றனர். மிக நுண்ணிய பாய் ஒன்று முடியப் பல வாரங்கள் ஆகும். அத்தகைய பாயைத் துணிபோல மடிக்கலாம். பருமனான கோரையில் நெய்த பாயோ ஓரிரு நாளில் முடிந்துவிடும். இரண்டையும் கைபேசியில் படமெடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். வேறுபாடு எளிதில் புலப்படாது. விலையோ பன்மடங்கு வேறுபடும். படத்தை மட்டும் கண்டவர், ‘அங்கே இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே’ என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். பிளாஸ்டிக் பாய் வந்து பாதிச் சந்தையைக் கொண்டுபோன பின், எஞ்சியதையும் படம் கொண்டுபோகும் நிலை இது.

இங்கே கையின் வேலையைச் செய்யக்கூடியது சொல் ஒன்றுதான். பாவில் எத்தனை இழை, கோரை எத்துணை நுண்மையாகக் கிழிக்கப்பட்டது, சாயம் எத்தகையது, நெய்ய எத்தனை நாள் ஆயிற்று, நனைந்தால் என்ன ஆகும், எப்படி உலர்த்த வேண்டும், எங்கே நிறம் சற்று மாறுபட்டிருக்கிறது என்பவற்றை எழுதிவிட்டால், வாங்குபவர் பாயைத் தொட்டுப் பார்த்ததில் பாதியேனும் கிட்டிவிடும். ‘நிறம் சற்று மாறுபட்டிருக்கிறது’ என்ற அந்தக் கடைசிச் செய்தியே ஈரத்தானியத்தை மேலே வைப்பதாகும்.

காணாத பொருளைச் சொல்லை நம்பி வாங்குவது நம் மார்க்கச் சட்டத்துக்குப் புதிதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அவ்வூரார் ஓராண்டு, ஈராண்டு கழித்து விளையப்போகும் கனிகளுக்கு முன்னதாகவே விலை கொடுத்து வந்தனர். அண்ணலார் அதைத் தடுக்கவில்லை. அளவும் எடையும் தவணையும் தெளிவாக அறியப்பட்டிருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். ‘ஸலம்’ எனப்படும் இவ்வொப்பந்தத்தைப் பற்றி ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. பொருளின் இனம், தரம், அளவு ஆகியவற்றைப் பின்னர்ப் பிணக்கு எழாதவாறு விவரித்தாக வேண்டும். ஹனஃபி மத்ஹபில், காணாமல் வாங்கிய பொருளைக் கண்டபின் ஏற்கவும் மறுக்கவும் வாங்கியவருக்கு உரிமையுண்டு. இன்றைய இணையக் கடைகள் ‘திரும்பப் பெறும் வசதி’ என்று பெருமையோடு விளம்பரப்படுத்துவது இதனினும் பெரிதாக ஒன்றுமில்லை. அந்த மத்ஹபின் இமாமாகிய அபூஹனீஃபா (ரஹ்) அவர்களே கூஃபாவில் துணி வணிகராக இருந்தவர்கள். கூட்டாளி ஒருவர் குறையுள்ள துணியைக் குறை சொல்லாமல் விற்றுவிட்டார் என அறிந்ததும், அத்தொகையை அறத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று அவர்தம் வரலாறு கூறுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பழைய மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். தேன் விற்கத் தொடங்கியிருந்தார். இணையத்தில் இட நல்ல தமிழில் நாலு வரி வேண்டும் என்றார். மலையின் பெயர் ஒன்றைச் சொல்லி, அங்குள்ள பழங்குடியினர் பாறையிடுக்கில் எடுத்த தேன் என்று எழுதித் தரக் கேட்டார். உண்மையில் அது மொத்த வணிகர் ஒருவரிடம் டின்னில் வாங்கிப் புட்டியில் அடைத்தது. அதையே எழுதலாமே, வடிகட்டியதையும் புட்டியில் அடைத்த நாளையும் சொல்லலாமே என்றேன். ‘சார், அப்படி எழுதினால் யார் வாங்குவார்கள்?’ என்று சிரித்துவிட்டுப் போனார். மலைத்தேன் வாசகம் இணையத்தில் ஏறியது. சில வாரங்களில் அம்மலையடிவாரத்தைச் சேர்ந்த ஒருவர், எந்த ஊரில் யாரிடம் எடுக்கிறீர்கள் என்று அதன்கீழே கேட்டிருந்தார். விடை சொல்ல இயலவில்லை. பக்கத்தையே நீக்கிவிட்டார். பிறகு புதுப்பெயரில் தொடங்கினார் என்று கேள்வி. அவர் கேட்ட கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. உண்மையை எழுதியவரின் பொருள் முதல் மாதத்திலேயே விற்றுத் தீரும் என்று நான் உறுதி கூறமாட்டேன். பணம் கட்டுபவரின் விளம்பரமே திரையில் முன்னே வருகிறது. உரத்துக் கூவுபவரே முதலில் கேட்கப்படுகிறார். ஆனால் பெயரை மாற்றிக்கொண்டே இருப்பவருக்குப் பழைய வாடிக்கையாளர் என்று ஒருவரும் மிஞ்சுவதில்லை. சிறுவணிகருக்கு உள்ள ஒரே முதல் அந்தப் பழைய வாடிக்கையாளர்தாம்.

பொய்ப் பாராட்டுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உறவினரைக் கொண்டும் கூலி கொடுத்தும் ஐந்து நட்சத்திர மதிப்புரை எழுதச் செய்வதை இன்று பலர் தவறென்றே கருதுவதில்லை. வாங்கும் எண்ணம் இல்லாத ஒருவர் விலையை ஏற்றிவிடுவதற்காக ஏலத்தில் குரல் கொடுப்பதை ‘நஜ்ஷ்’ என்று பெயரிட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாங்காதவர் வாங்கியவர்போல எழுதும் மதிப்புரை அதன் உடன்பிறப்பு. நாட்டுச் சட்டமும் இப்போது அதையே சொல்கிறது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகள், விற்பவர் தம்மை நுகர்வோராகக் காட்டிக்கொண்டு மதிப்புரை எழுதுவதைத் தடை செய்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 இலட்சம் வரையும் தண்டம் விதிக்க 2019ஆம் ஆண்டின் சட்டத்தில் இடமுண்டு.

இனிப் பெயருக்கு வருவோம். நபித்துவத்துக்கு முன்பே மக்காவாசிகள் அண்ணலாருக்கு வழங்கிய பெயர் ‘அல் அமீன்’. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வணிகச் சரக்கு அந்தப் பெயரை நம்பியே ஷாம் நாட்டுக்குப் பயணமாயிற்று. இன்று ஊருக்கு ஊர் அல் அமீன் ஸ்டோர் காண்கிறோம். பலகையில் எழுதியவுடன் பெயர் வந்துவிடாது என்பது வேறு செய்தி. பத்தமடைக்கோ பெயர் ஏற்கெனவே இருக்கிறது. புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் பலர் அறியாத ஒரு கூறு உண்டு. குறியீட்டைப் பதிவு செய்த அமைப்பு வேறு. அதைப் பயன்படுத்தும் உரிமை பெற்றவர் வேறு. பொருளை ஆக்கும் ஒவ்வொருவரும் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ எனத் தம் பெயரைத் தனியே பதிவு செய்துகொள்ளலாம். அவ்வாறு பதிந்தவரே குறியீட்டைத் தம் பொருளில் இடும் உரிமையைப் பெறுகிறார். இந்தியா முழுமைக்குமான பதிவகம் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது. நெய்யும் பெண்களின் வீட்டுக்குச் சென்று அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுப்பதற்கு நம் ஜமாஅத்துகள் ஒருநாள் ஒதுக்கினால் போதும்.

பத்தமடையில் மணமக்களுக்கென நெய்யும் பாயில் மணமகன், மணமகள் பெயர்களைக் கோரையிலேயே பின்னித் தருவார்கள். அதை நெய்தவளின் பெயர் அப்பாயில் எங்கும் இராது. பல வாரம் அமர்ந்து பிறர் பெயரை எழுத்தெழுத்தாக நெய்பவளின் பெயர், பாய் வெளியேறும்போது வீட்டோடு நின்றுவிடுகிறது. கைமாறும் ஒவ்வொரு கையிலும் விலை ஏறுகிறது. வாட்ஸ்அப் வணிகச் செயலியில் பொருட்பட்டியல் இடுவதற்கும், கூகுள் வரைபடத்தில் கடையின் இடத்தையும் நேரத்தையும் குறிப்பதற்கும் கட்டணம் இல்லை. ஆகவே இடையிலுள்ளோரில் சிலரையேனும் கடந்து வாங்குபவரை அடையும் வழி இன்று அவளுக்கு உண்டு.

பெண்களின் பெயரும் படமும் இணையத்தில் வருவதா என்று பெரியோர் சிலர் தயங்குவர். அத்தயக்கத்தை நான் எள்ளி நகையாடமாட்டேன். படம் வேண்டியதில்லை, நெய்யும் விரல்களும் பாயும் போதும். தனிப்பெயர் வேண்டாம் எனில் குழுவின் பெயரோ வீட்டின் பெயரோ இருக்கட்டும். முடிவு செய்ய வேண்டியவள் நெய்பவள்தான். அவளைக் கேளாமல் வேண்டும் என்பதும் வேண்டாம் என்பதும் ஒன்றே.

இதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என்று மாணவர் கேட்கலாம். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலையை ஆசிரியர் உருத்திரங்கண்ணனார் சொல்வதைப் பாடமாகப் படிக்கிறீர்கள். வள்ளுவரும் வணிகத்தைப் பற்றிய குறளை நடுவுநிலைமை அதிகாரத்தில்தான் வைத்தார். தேர்வில் இவற்றுக்கு ஐந்து மதிப்பெண் வினா வரும். ஆனால் கடைத்தெருவில் இன்று பொருள்களுக்கு எழுதப்படும் தமிழைப் பாருங்கள். ‘உலகத்தரம்’, ‘நூறு விழுக்காடு இயற்கை’, ‘நம்பர் ஒன்’ ஆகிய மூன்று தொடர்களை நீக்கிவிட்டால் பல விளம்பரங்களில் எஞ்சுவது தொலைபேசி எண் மட்டுமே. இழையையும் சாயத்தையும் உள்ளது உள்ளவாறு பெயர் சொல்லி எழுத ஆள் இல்லை. தமிழ் படித்து என்ன செய்யப்போகிறாய் என்று உங்களை வீட்டில் கேட்கிறார்களே, அவர்களிடம் சொல்ல ஒரு விடை இங்கே இருக்கிறது.

மூன்றாமாண்டு மாணவியரின் களப்பணியாக இதனைத் துறை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் விருப்பம். பத்தமடைக்கே போக வேண்டும் என்பதில்லை. தத்தம் ஊரிலே முறுக்குச் சுடும் வீடும் தொப்பி தைக்கும் வீடும் உண்டு. ஒவ்வொருவரும் ஒரு வீட்டுக்குச் சென்று, செய்பவரின் அருகில் ஒருநாள் அமர்ந்து, அவர் வாயில் வழங்கும் தொழிற்சொற்களைக் குறித்துக்கொண்டு, ஒரு பொருளுக்குப் பத்து வரி எழுத வேண்டும். எழுதியதைச் செய்தவரிடமே படித்துக் காட்ட வேண்டும். ‘இந்த ஓரம் கொஞ்சம் கோணிப் போச்சு, அதையும் எழுதும்மா’ என்று அவர் சொன்னால், அதையும் சேர்த்து எழுதியபின் விலையைக் குறிக்க வேண்டும்.