லாரி மாறட்டும்; சுமை யார் தலையில்?

தாம்பரத்திலிருந்து வண்டலூர் வழியாக ஒரகடம் போகும் சாலையில் இரவு பகல் பாராமல் லாரிகள் ஓடுகின்றன. புதிய கார்களை ஏற்றிச் செல்லும் நீண்ட டிரெய்லர்கள், துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் வண்டிகள், ஜல்லியும் மணலும் சுமந்து வரும் டிப்பர்கள், மேடவாக்கத்துக்கும் பள்ளிக்கரணைக்கும் குடிநீர் கொண்டுபோகும் தண்ணீர் லாரிகள். இவை ஒரு நாள் நின்றால் தென்சென்னைப் புறநகரே திணறிப் போகும். இந்த லாரிகளை டீசலை விட்டு மின்சாரத்துக்கும், எரிவாயுவுக்கும், ஹைட்ரஜனுக்கும் மாற்ற வேண்டும் என்கிறது மத்திய சர்க்கார். லாரி செய்யும் கம்பெனிகளும் அதையே சொல்கின்றன. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் தொழிலாளி என்ன சொல்கிறார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

லாரித் தொழிலாளி புதிய வண்டியை வெறுக்கவில்லை. என்ஜின் சூட்டில் வெந்து, கியர் போட்டுக் கை மரத்து, அதிர்ச்சியில் முதுகெலும்பு தேய்ந்து போகிறவர் அவர். மின்சார லாரியில் சூடு இல்லை, சத்தம் இல்லை, ஓயாமல் கியர் மாற்றும் வேலை இல்லை என்பது அவருக்குத் தெரியும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012ல் அறிவித்தது. அந்தப் புகையை முதலில் குடிப்பவர் டிரைவர், அடுத்தவர் கிளீனர், மூன்றாவது, சாலையோரக் குடிசையில் இருப்பவர். ஆகவே புகையில்லாத லாரி வேண்டும் என்று சொல்ல அவரைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை.

அப்படியானால் அவர் ஏன் தயங்குகிறார்? அவருடைய கேள்விகள் எல்லாம் அனுபவத்தில் பிறந்தவை. டீசல் நிரப்பப் பத்து நிமிஷம் போதும். எந்த ஊரிலும் பங்க் உண்டு. கனரக லாரியின் பேட்டரிக்கு வேகமான சார்ஜரிலும் ஒரு மணி, இரண்டு மணி பிடிக்கும். சாதாரண சார்ஜர் என்றால் ராத்திரி முழுவதும் நிற்க வேண்டும். பெரிய பேட்டரி மட்டுமே சுமார் இரண்டு டன் எடை. அந்த அளவு லோடு குறைந்தால் வாடகையும் குறையும். டீசல் வண்டி நடுவழியில் நின்றால் பக்கத்துப் பட்டறை மெக்கானிக் எழுந்து வருவார். பேட்டரி வண்டி நின்றால் கம்பெனி ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக விலை. மின்சாரக் கனரக லாரி டீசல் லாரியைப் போல இரண்டு, மூன்று மடங்கு விலை. ஒரு லாரிக்கே தவணை கட்ட முடியாமல் தவிப்பவர் மூன்று லாரியின் விலைக்கு எங்கே போவார்?

இதைக் கேட்டதும் சிலர், “லாரிக்காரர்கள் பழமைவாதிகள், மாற்றத்துக்கு எதிரிகள்” என்கிறார்கள். இது அபாண்டம்.

தாம்பரத்துக்கு மின்சார வண்டி புதிதல்ல. கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அன்று ரயில் டிரைவர் தன் கைக்காசில் கம்பி இழுக்கவில்லை. வீட்டை அடகு வைத்து வண்டி வாங்கவில்லை. தண்டவாளம், கம்பி, துணை மின்நிலையம் எல்லாவற்றையும் ரயில்வே போட்டது. தொழிலாளி புது வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டு ஓட்டினார். மாற்றத்தின் செலவைத் தொழிலாளி தலையில் கட்டாதபோது மாற்றம் தடையின்றி நடந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எதிரான சாட்சியும் உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது நம் ஊர்களில் கரிவாயு பஸ்கள் ஓடின. வண்டியின் பின்னால் அடுப்பு, அதில் மரக்கரி. வாயு பிடிக்கும் வரை விசிறியைக் கையால் சுற்ற வேண்டும். சுற்றியவர் யார்? கிளீனர்தான். எரிபொருள் மாறியது; கரியும் புகையும் அவர் முகத்தில் விழுந்தன.

சமீப கால அனுபவத்தையும் பார்ப்போம். டில்லி பஸ்கள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1998ல் உத்தரவிட்டது. 2002ல்தான் மாற்றம் முடிந்தது. காற்று சுத்தமாக வேண்டும் என்ற நோக்கம் சரியானதே. ஆனால் போதிய வாயு நிலையங்கள் இல்லாமல் ஆட்டோக்காரர்களும் பஸ் தொழிலாளர்களும் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். அந்த மணிகளுக்குக் கூலி கொடுத்தவர் யார்? 2020 நவம்பரில், திரவ எரிவாயு நிரப்ப முதல் 50 நிலையங்களுக்கு மத்திய மந்திரி அடிக்கல் நாட்டினார். மூன்று ஆண்டுகளில் 1000 நிலையங்கள் என்றார்கள். அந்த இலக்கு எட்டப்படவில்லை. ஹைட்ரஜன் வண்டிகளைச் சோதிக்க 2025 மார்ச்சில் 37 பஸ்களுக்கும் லாரிகளுக்கும் அனுமதி கொடுத்தார்கள். பத்து வழித்தடங்கள் அறிவித்தார்கள். அதில் தமிழ்நாட்டின் சாலை ஒன்றுகூட இல்லை.

மின்சார லாரிக்கு 2025 ஜூலையில் மத்திய சர்க்கார் மானியத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஒதுக்கிய தொகை 500 கோடி ரூபாய். லாரி ஒன்றுக்கு அதிகபட்சம் 9 லட்சத்து 60 ஆயிரம். பயன்பெறும் லாரிகள் நாடு முழுவதும் சுமார் 5,600. நாட்டில் ஓடும் லட்சக்கணக்கான லாரிகளில் இது எத்தனையாவது பங்கு? நிபந்தனையும் உண்டு: பழைய டீசல் லாரியை உடைத்த சான்றிதழ் காட்ட வேண்டும். மானியம் போக மீதி விலையைப் போடும் சக்தி சிமெண்ட், உருக்கு, துறைமுகம் ஆகியவற்றுக்குச் சரக்கு ஏற்றும் பெரிய கம்பெனிகளுக்கு உண்டு. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் ஒன்றிரண்டு வண்டிகளை வைத்து, தாமே ஓட்டிப் பிழைக்கும் சிறு உடைமையாளருக்கு உண்டா? பெரியவர்கள் ஓட்டித் தேய்த்துக் கழித்த வண்டியைத்தானே அவர் வாங்குகிறார்? அந்தப் பழைய வண்டிகள் உடைக்கப்படும்போது அவருடைய பிழைப்பும் சேர்ந்து உடைகிறது.

அவரிடம் கறந்த பணம் கொஞ்சமா? கச்சா எண்ணெய் விலை உலகச் சந்தையில் சரிந்து கிடந்த 2020 மே மாதத்தில் டீசல் வரியை லிட்டருக்கு ஒரேயடியாக 13 ரூபாய் உயர்த்தியது மத்திய சர்க்கார். விலைச் சரிவின் பலன் லாரிக்காரருக்கும் வரவில்லை; லாரியில் வரும் அரிசியை வாங்குகிறவருக்கும் வரவில்லை. டீசல் ஓட்டினால் வரி, டீசலை விட்டால் கடன் என்றால் இது என்ன நியாயம்?

வண்டி சொந்தமில்லாத கூலி டிரைவரின் கதை இன்னும் மோசம். அவருக்குக் கூலி பெரும்பாலும் நடைக் கணக்கு. வண்டி சார்ஜ் ஏறும் இரண்டு மணி நேரம் வேலையா, ஓய்வா? வேலை என்றால் கூலி எங்கே? ஓய்வு என்றால் படுக்க இடம் எங்கே, கழிப்பிடம் எங்கே? ‘நின்ற நேரத்தை ஓட்டிப் பிடி’ என்று முதலாளி சொன்னால் தூக்கத்தைத்தான் அவர் விற்க வேண்டும். அதன் முடிவு ஜி.எஸ்.டி. சாலையின் விபத்துகள்.

சட்டம் காப்பாற்றும் என்றால் அதுவும் சுருங்கிவிட்டது. 1961ம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து பேர் வேலை செய்யும் நிறுவனத்துக்கே பொருந்தியது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை அது வரையறுத்தது. 2025 நவம்பர் 21ல் அமலுக்கு வந்த தொகுப்புச் சட்டம் அதை ரத்து செய்தது. ஐந்து பேரைப் பத்துப் பேர் ஆக்கியது. எட்டு டிரைவர்களை வைத்திருக்கும் முதலாளி இப்போது கணக்குக்கு வெளியே.

புது எரிபொருளோடு என்ன வருகிறது என்பதைப் பெரும்பாக்கத்திலேயே பார்க்கலாம். 2025 ஆகஸ்டில் அங்குள்ள டிப்போவிலிருந்து மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. ஏழைகள் புகையில்லாத பஸ்ஸில் போவது நல்லதே. ஆனால் கண்டக்டர் போக்குவரத்துக் கழகத் தொழிலாளி. டிரைவர் ஒப்பந்தக் கம்பெனியின் ஆள். ஒரே பஸ்ஸில் இரண்டு முதலாளிகள், இரண்டு விதச் சம்பளம், இரண்டு விதப் பாதுகாப்பு! பேட்டரிக்கும் காண்டிராக்டுக்கும் என்ன சம்பந்தம்? டிரைவரை நிரந்தரமாக்கினால் பேட்டரி ஓட மறுக்குமா?

ஆலைத் தொழிலாளித் தோழர்களுக்கு இது புதுக் கதை அல்ல. 1955ல் கான்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 80 நாள் வேலைநிறுத்தம் செய்தது யந்திரத்தை எதிர்த்து அல்ல. யந்திரத்தின் பெயரால் வேலைப்பளுவை ஏற்றி ஆளைக் குறைப்பதை எதிர்த்து. விவசாயத் தொழிலாளித் தோழர்களும் அறிவார்கள்: அறுவடை யந்திரம் வயலில் இறங்கியபோது முதுகு வலி குறைந்தது, கூடவே கூலி நாளும் குறைந்தது. யந்திரம் யார் கையில், அதன் லாபம் யார் பையில் என்பதே கேள்வி.

ஆகவே நாம் கோருவது இது. மின்சார லாரி வரட்டும். சார்ஜ் நிலையங்களை நெடுஞ்சாலை நெடுகிலும் சர்க்காரே நிறுவ வேண்டும். அங்கே டிரைவருக்குப் படுக்கையும் குளியலறையும் வேண்டும். சார்ஜ் ஏறும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட்டுக் கூலி கொடுக்க வேண்டும். சொந்தமாக ஓட்டும் சிறு உடைமையாளருக்கும் அவர்களது கூட்டுறவுகளுக்கும் மானியத்தில் முதலிடமும் குறைந்த வட்டியில் பாங்குக் கடனும் வேண்டும். பட்டறைத் தொழிலாளிகளுக்குப் புதிய வேலையைச் சம்பளத்தோடு கற்றுத்தர வேண்டும். எத்தனை பேர் வேலை செய்தாலும் 8 மணி நேரச் சட்டம் பொருந்த வேண்டும்.

உங்கள் ஆலைக்குப் பஞ்சு கொண்டுவருகிறவர் லாரித் தொழிலாளி. உங்கள் களத்து நெல்லைக் கொண்டுபோகிறவரும் அவரே. அவருடைய கோரிக்கையைச் சங்கக் கூட்டத்திலும் கிராமக் கூட்டத்திலும் உங்கள் கோரிக்கையாக எழுப்புங்கள். புகை ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. புகையோடு சேர்த்துத் தொழிலாளியின் உரிமையையும் ஒழிக்க ஒருபோதும் விடக்கூடாது.