சிறு காருக்குப் பெரிய எஞ்சின் தகுமா?

நம் கல்லூரியின் பழைய மாணவருள் மோட்டார் வாகனங்களில் நாட்டமுடையோர் பலருளர். அன்னார் கூடுமிடத்து எழும் வினா ஒன்றுண்டு. எம்.ஜி. மிட்ஜெட் போன்ற பழைய சிறு ஸ்போர்ட்ஸ் கார்களின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, வலுமிக்க ஜப்பானிய எஞ்சினைப் பொருத்துதல் தகுமா என்பதே அது. பெரும்பாலும் தகாது என்பதே எமது துணிபு.

மாற்றுக் கட்சியார் கூற்றிலும் உண்மை இல்லாமலில்லை. 1961இல் வெளிவந்த மிட்ஜெட்டின் எஞ்சின் 948 கன சென்ரிமீற்றர் அளவினதே. கண்டியிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுங்கால், உயரம் கூடக்கூடக் காற்றின் அடர்த்தி குறைந்து, உள்ள வலுவும் குன்றுகின்றது. தனியார் கார்களின் இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025இலேயே மீண்டும் திறக்கப்பட்டமையால், பழையனவற்றைப் பேணி ஓட்டும் தேவையும் பெருகிற்று.

ஆயினும், வலு ஒன்றே கார் ஆகாது. எம்.ஜி. நிறுவனத்தாரின் அனுபவத்தையே நோக்குக. 1967இல் எம்.ஜி.பி.யின் உடலமைப்பில் மூன்று லீற்றர் வார்ப்பிரும்பு எஞ்சினை வைத்து எம்.ஜி.சி. என விற்றனர். முன்புறப் பாரம் மிகுந்தமையால் வளைவுகளில் அது மந்தமாகத் திரும்புகிறதென்று குறைகூறப்பட்டது. 1969இல் உற்பத்தியும் நின்றது. 1973இல் அதே வகை உடலில் மூன்றரை லீற்றர் அலுமினிய எஞ்சினை வைத்தனர். அளவிற் பெரிதாயினும் பாரத்திற் குறைந்ததாதலின் அது நன்கு பொருந்திற்று. தேர்ந்த பொறியியலாளர்க்கே இத்துணை இடர்ப்பாடெனின், ஓரிரு வாரத்தில் வேலையை முடிக்க விழையும் நம்மவர் நிலை என்னாம்?

ஏறுவதினும் இறங்குவதே கடிது. வேகம் ஒன்றரை மடங்காயின் இயக்கசக்தி இரண்டேகால் மடங்காகும் என்பதைப் பௌதிக மாணவர் அறிவர். கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கும் வேளை அச்சக்தி முழுவதையும் வெப்பமாக ஏற்க வேண்டியது பிரேக்கே. முதல் மிட்ஜெட்டின் நான்கு சில்லுகளுக்கும் டிரம் பிரேக்கே இருந்தது. 1962இல் எஞ்சினை 1098 கன சென்ரிமீற்றராக உயர்த்தியபோது, உற்பத்தியாளர் முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக்கும் சேர்த்தனர். 150 அளவு கூடியதற்கே அவர்கள் அவ்வாறு செய்தனர். வலுவை இரட்டிப்பாக்கிவிட்டுப் பழைய பிரேக்கை நம்புவோர் தம்முயிரை மட்டுமன்றி, வீதியோரம் நடந்துசெல்லும் பள்ளிச் சிறாரின் உயிரையும் பணயம் வைக்கின்றனர்.

இனி, செலவையும் எண்ணுக. புதிய எஞ்சினுக்கேற்பக் கியர்ப்பெட்டி, பின்னச்சு, றேடியேற்றர் யாவும் மாறவேண்டும். எஞ்சின் இலக்கம் பதிவுச் சான்றிதழில் உள்ளதாதலின் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் மாற்றத்தைப் பதிதல் வேண்டும். இத்தனைக்கும் பின் எஞ்சுவது மிட்ஜெட் என்னும் பெயர் மட்டுமே.

ஆதலின், மூல எஞ்சினையே செம்மையாகப் புதுக்குதல் நன்று. அது வெடித்துச் செப்பனிட முடியாதவிடத்து மாற்று எஞ்சினை நாடலாம்; அப்போதும் பாரத்தில் ஒத்ததையே தேர்க; பிரேக்கை முதலிற் பலப்படுத்துக. விரலுக்குத் தக்க வீக்கமே வேண்டும் என்றனர் நம் முன்னோர். அவர் மொழி மோட்டாருக்கும் பொருந்தும்.